கத்திரியக்காவின் கருத்து

கடற்கரைச் சாலையில் முடிவெட்டும் கடை நடத்திவந்த கத்திரியக்காவுக்கு எதிலுமே சொந்தக் கருத்து கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அது தப்பு. கருத்துகள் அவளிடம் தாராளமாக இருந்தன. காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவற்றை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருவாள், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டவர் எதைச் சொன்னாலும், "ஆமாங்க, நீங்க சொல்றதும் சரிதான்" என்பாள். முடி வெட்டிக்கொள்பவர் தலையை ஆட்டக் கூடாது. அதனால் அவருக்கும் சேர்த்துத் தானே ஆட்டிவிடுவது என்று தொழிலுக்கு வந்த புதிதிலேயே முடிவு செய்துகொண்டவள் அவள்.

பல வருடங்கள் இது பிசகில்லாமல் ஓடியது. மணல் விவகாரம் வந்துதான் அவளை மாட்டிவிட்டது.

அது கோடையில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப்போகும் ஊர். ஒரு காலத்தில் கடைக்கு எதிரே சாலையைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். வண்ணக் குடைகளும் சாய்வு நாற்காலிகளும் வரிசை கட்டி நிற்கும். வடக்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீளமாகச் சுவர் கட்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு புயல் பருவத்திலும் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைக் கடித்துத் தின்றது. மணலெல்லாம் போய், சாலை போய்விடக் கூடாதே என்று பாறைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டு இப்போது நேராகப் பாறையில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

இந்த நிலையில்தான் நகராட்சி ஒரு திட்டம் போட்டது. கரையிலிருந்து பார்த்தால் அலை வெள்ளையாக உடைகிற இடத்தில், கடலுக்கடியில் ஒரு பெரிய மணல்திட்டு இருக்கிறது. அதை ஒரு கப்பல் வந்து உறிஞ்சி எடுக்கும். தண்ணீரும் மணலுமாகக் குழாய் வழியே கரைக்கு அனுப்பும். பழையபடி கடற்கரை வந்துவிடும்.

திட்டம் அறிவித்த வாரத்திலிருந்து கடையில் வேறு பேச்சே இல்லை.

"கடற்கரை ஊர்னு போர்டு இருக்கு, கடலும் இருக்கு, கரையைத்தான் காணோம்" என்றார் பெரிய ஓட்டலின் முதலாளி. தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள வருகிறவர். "வர்றவங்க பாறையைப் பார்த்துட்டு, இதைப் பார்க்க எங்க ஊர் கல்குவாரிக்கே போயிருப்போமேங்கறாங்க."

"ஆமாங்க" என்றாள் கத்திரியக்கா.

அடுத்து உட்கார்ந்தவர் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். "அந்தத் திட்டை வெறும் மண்ணுன்னு நினைக்கறாங்க. அது ஒரு குடியிருப்பும்மா. புழு, சிப்பி, மீன்குஞ்சு எல்லாம் அங்கதான் இருக்கு. ஆள் இருக்கற வீட்டைப் பெயர்த்து இன்னொருத்தர் வாசல்ல கொட்டுவாங்களா?"

"அதுவும் சரிதாங்க."

மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர் போல, "கொட்டுற மணலை அடுத்த புயலே அள்ளிட்டுப் போயிடும். கடலுக்கு நாம விருந்து வைக்கறோம்" என்றார். அவருக்கும் ஒரு "ஆமாங்க" கிடைத்தது.

இரண்டு கட்சியும் அச்சடித்த சுவரொட்டியோடு வந்தன. மணல் வேண்டும் என்பதை ஓட்டல்காரர் கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். வேண்டாம் என்பதை டீச்சர் கொண்டுவந்தார். கத்திரியக்கா இரண்டையும் வாங்கி, கதவுக்கு இடப்பக்கக் கண்ணாடியில் ஒன்றும் வலப்பக்கக் கண்ணாடியில் ஒன்றுமாக ஒட்டிவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஆனால் இந்த விஷயத்தில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நெருடல் இருந்தது. ஒருபக்கம் அண்ணன், இன்னொரு பக்கம் வீட்டுக்காரர்.

அண்ணனை ஊரில் நண்டுக்காரர் என்பார்கள். சிறிய விசைப்படகு ஒன்று வைத்திருந்தார். அவர் நண்டுக் கூண்டுகள் போடுவது அந்த மணல்திட்டில்தான். அப்பா போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவள் கத்திரி பிடித்துப் பழகியதே அவருடைய தலையில்தான். அந்த முதல் வெட்டுக்குப் பிறகு வெகுநாள் தொப்பியோடுதான் கடலுக்குப் போனார். காற்றில் தொப்பி பறந்தபோது மற்றப் படகுக்காரர்கள் சிரித்த சிரிப்பு கரைவரைக்கும் கேட்டதாம். ஆனாலும் அன்று முதல் வேறு ஒருவரிடமும் அவர் தலையைக் கொடுத்ததில்லை. தங்கைக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டுக்காரர் அந்தக் கடற்கரைச் சாலையில் பஸ் ஓட்டியவர். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மனைவியோடு மணலில் நடப்பது அவர் வழக்கம். சம்பள நாளானாலும் சண்டை நாளானாலும் அந்த நடை நின்றதில்லை. மணல் போன பிறகு நடையும் போயிற்று. அப்புறம் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தார், பேச்சும் திரும்பிவிட்டது. இடது கையும் இடது காலும் மட்டும் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. கைத்தடியோடு நடப்பார். தெருவில் நடைபாதை உடைந்து கிடக்கும். இரண்டு முறை விழுந்ததில் பயம் வந்துவிட்டது. பகலெல்லாம் கடைக்குள் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பார்.

ஒரு மதியம் கடையில் யாரும் இல்லாதபோது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "முன்னெல்லாம் தண்ணி எவ்வளவு தூரத்துல இருந்துச்சு. இப்போ இவ்வளவு பக்கத்துல வந்துடுச்சு. ஆனா தொட முடியல, பார்த்தியா?"

குறையாகச் சொல்லவில்லை, ஏதோ பஸ் தாமதமாக வருகிறது என்பதுபோல் சொன்னார். சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்த கத்திரியக்கா குழாயை மூடாமல் அப்படியே நின்றாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு கருத்து வந்துவிட்டது. அதை வெளியே சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.

பொதுக்கூட்டத்துக்கு முந்தின நாள் அண்ணன் முடி வெட்டிக்கொள்ள வந்தார். வாசலிலேயே நின்று இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

"இது என்ன பாப்பா?"

"வியாபாரம் அண்ணா. ஒண்ணை ஒட்டி ஒண்ணை விட்டா கோவிச்சுக்குவாங்க."

"சரி" என்றார். உள்ளே வரவில்லை. "கூண்டு இழுக்கணும், அப்புறம் வர்றேன்" என்று திரும்பி நடந்தார். அவர் மதியத்துக்கு மேல் கூண்டு இழுக்கிறவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் மாலை நேரத்தில் நடந்தது. குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்களெல்லாம் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நகராட்சித் தலைவரும், கப்பல் கம்பெனியிலிருந்து வந்த இளம்பெண் பொறியாளரும் இருந்தார்கள். கத்திரியக்கா வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தாள். அண்ணன் முன்னால் ஓரமாக இருந்தார்.

ஓட்டல்காரர் பேசினார், டீச்சர் பேசினார். மருந்துக்கடைக்காரர் இரண்டு பேருக்கும் எதிராகப் பேசினார். அண்ணன் எழுந்து தொண்டையைச் செருமினார். "எனக்குப் பேசத் தெரியாது. அந்தத் திட்டுலதான் என் பொழைப்பு. வேற தொழில் தெரியாது, இனிமே கத்துக்கற வயசும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஓட்டல்காரர் விடவில்லை. "நண்டுக்காரர் வருத்தம் புரியுது. ஆனா அவரோட சொந்தத் தங்கச்சியே எங்க பக்கம்தான். கத்திரியக்கா என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்றீங்க? அவங்க எங்க பக்கம். போன வாரம்கூட என்கிட்ட சொன்னாங்களே."

"என்கிட்ட ரெண்டு பக்கமும் தப்புன்னாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அத்தனை தலைகளும் பின்வரிசைக்குத் திரும்பின. பாதிக்கு மேல் அவள் வெட்டிவிட்ட தலைகள். அவளுக்குக் காது மடல் சுட்டது. எழுந்து நின்றாள். நின்ற பிறகுதான் இனி உட்கார முடியாது என்பது புரிந்தது.

"நான் எல்லாருக்கும் ஆமா போட்டேங்க. கடையில அப்படித்தான் எனக்குப் பழக்கம். அது தப்புதான்" என்றாள். "கேட்டதால சொல்றேன். எனக்கு மணல் வேணும். எங்க வீட்டுக்காரரால பாறையில இறங்க முடியாது. தெருவுல நடந்தா விழறார். மணல் இருந்தா நடப்பார். தண்ணியைத் தொடணும்னு அவருக்கு ஆசை. ஆனா எங்க அண்ணன் சாப்பாடு அந்தத் திட்டுல இருக்கு. மொத்தமா வழிச்சு எடுக்காம கொஞ்சம் விட்டுவெச்சு எடுக்க முடியுமான்னு எனக்குத் தெரியல. நான் முடி வெட்டுறவ. ஒட்ட மழிச்சா வளர ரொம்ப நாளாகும்னு மட்டும் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. பொறியாளர் ஒலிபெருக்கியைப் பக்கத்தில் இழுத்து, மரியாதையாகவே சொன்னாள்: "அது ஏற்கெனவே திட்டத்துல இருக்குங்க. தெற்குப் பக்கம் ஒரு பகுதியைத் தொடமாட்டோம். நண்டு முட்டை போடுற பருவத்துல வேலையும் நடக்காது. போன மாசமே அறிவிப்புப் பலகையில போட்டிருந்தோம்."

அறிவிப்புப் பலகையை யாரும் படிக்கவில்லை என்பது மண்டபம் முழுக்கத் தெரிந்தது. ஆனால் அண்ணன் அதைக் கேட்க இருக்கவில்லை. "எனக்கு மணல் வேணும்" என்ற இடத்திலேயே எழுந்து, யாரையும் இடிக்காமல் ஓரமாக நடந்து வெளியே போயிருந்தார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் வீட்டுக்காரரின் கைத்தடி மட்டும் டொக்கு டொக்கென்று பேசிக்கொண்டு வந்தது. வீட்டில் வழக்கம்போல அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, இடது காலை மடியில் எடுத்து வைத்துக் களிம்பு தேய்க்கப் போனாள். அவர் வலது கையால் அந்தக் காலைத் தூக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாலு பேர் முன்னாடி என் காலைத் தூக்கி மேசை மேல வெச்சுட்டே."

"உங்களுக்கு ஆசை இல்லையா?"

"இருக்கு."

"பின்னே?"

"அதை உன்கிட்டதான் சொன்னேன். ஊர்கிட்டச் சொல்லல."

அவள் களிம்பு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தாள். இத்தனை நாளாக எல்லாருக்கும் ஆமா போட்டபோது ஒருவர் மனமும் நோகவில்லை. முதல்முறையாக வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதில் தனக்கு ரொம்ப வேண்டிய இரண்டு பேரும் ஒரே மாலையில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்களே என்று சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதாள். அழுது முடித்துப் பாத்திரம் கழுவினாள்.

வீட்டுக்காரர் கோபம் மறுநாள் காலைவரைதான் தாங்கியது. காலுறை மாட்டும் நேரத்தில் இடது காலை அவரே நீட்டி, "இந்தா, ஊருக்கே தெரிஞ்ச கால். மரியாதையாப் பிடி" என்றார். அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அந்தப் பாதத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் கோபம் அப்படித் தீரவில்லை. கடைப்பக்கம் வரவே இல்லை. அவள் அவருடைய வீட்டுக்குப் போனாள். அண்ணி உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள், அண்ணன் பின்வாசல் வழியாகப் படகுக்குப் போய்விட்டார். "அவர் உன்மேல கோபமா இல்லம்மா. மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு ஆசை இருக்கறது தனக்குத் தெரியலயேன்னு ஒரு வருத்தம். அதை எப்படிக் காட்டறதுன்னு தெரியாம முறைச்சுக்கிட்டுத் திரியறார்" என்றாள் அண்ணி. அது உண்மையா, தன்னைத் தேற்றச் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நண்டு முட்டையிடும் பருவம் முடிந்ததும் கப்பல் வந்தது. தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தெருவே மிதந்து வந்து நிற்பது போல இருந்தது. அதன் உறுமல் கடைக் கண்ணாடியை இரவும் பகலும் லேசாக அதிரவைத்தது. கரையில் நீளமாகக் குழாய் போட்டார்கள். அதன் வாயிலிருந்து கறுப்பாக ஒரு குழம்பு சீறிக்கொண்டு வந்து விழுந்தது.

வெள்ளை மணல் வரும் என்று எதிர்பார்த்து ஊரே பாறைமேல் நின்றுகொண்டிருந்தது. வந்ததோ மசி மாதிரி இருந்தது. நாற்றம் வேறு; அழுகின முட்டையும் பழைய மீன்கூடையும் சேர்ந்த நாற்றம். முதலில் மூக்கைப் பொத்தியவர் ஓட்டல்காரர்தான். "இதுக்கா நான் கூட்டத்துல அப்படிப் பேசினேன்? தங்கியிருந்தவங்க எல்லாம் அறையைக் காலி பண்றாங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்து புலம்பினார். டீச்சருக்கு நேர்மாறாக நடந்தது. எதிர்ப்புப் பதாகையோடு கிளம்பிப் போனவர், குழாய் துப்பிய மணலில் எந்தக் காலத்திலோ புதைந்த சிப்பிகளைப் பார்த்துவிட்டுப் பதாகையை ஓரமாக வைத்துவிட்டார். குனிந்து பொறுக்கிப் பதாகைத் துணியிலேயே மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். "எதிர்ப்பு எதிர்ப்புதான். சிப்பி சிப்பிதான்" என்றார், யாரும் கேட்காமலே.

கறுப்பு நிலைக்கவில்லை. வெயில் படப்பட மணல் நாளுக்கு நாள் வெளுத்தது. நாற்றமும் காற்றோடு போயிற்று. குழாயை நகர்த்த நகர்த்தக் கரை நீண்டுகொண்டே போயிற்று.

இதற்கிடையில் இன்னொரு சேதியும் வந்தது. கப்பலைச் சுற்றி மற்றப் படகுகள் வராமல் பார்த்துக்கொள்ள உள்ளூர்ப் படகு ஒன்று வேண்டும் என்று கம்பெனி கேட்டதாம். நண்டுக்காரரே ஒப்புக்கொண்டாராம். பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு, தான் எதிர்த்த கப்பலுக்குத் தானே காவல் நின்றார். ஊர் சும்மா இருக்குமா? கடையில் ஆளாளுக்குக் கிண்டல். "திட்டைக் காப்பாத்தப் போனவர் கப்பலைக் காப்பாத்தறார்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

கத்திரியக்கா அவர் பிடரியில் ஓட்டிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். "அவர் வேலையைத் தடுத்தாங்க. வேற வேலை கொடுத்தாங்க. செய்யறார். இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள். ஜன்னலோரம் இருந்த வீட்டுக்காரர், "மீதிப் பாதியை வெட்டிக்கணும்னா வாயை மூடிக்கிட்டு உட்காருங்க" என்று மருந்துக்கடைக்காரருக்கு யோசனை சொன்னார்.

படகு கரையோரமாகப் போகும்போதெல்லாம் அவள் வாசலுக்கு வந்து பார்ப்பாள். அண்ணனுடைய முடி வளர்ந்துகொண்டே போனது தூரத்திலிருந்தே தெரிந்தது. முதலில் காதை மூடியது, பிறகு கழுத்தில் இறங்கியது, பிறகு காற்றில் பறக்க ஆரம்பித்தது. துறைமுகத்துப் பக்கம் முடிவெட்டும் கடைகள் எத்தனையோ இருந்தன. அவர் ஒன்றிலும் போய் உட்காரவில்லை. அந்தப் பறக்கிற முடியைப் பார்க்கும்போது அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கை தானாகக் கத்திரியைத் தேடவும் செய்தது.

கப்பல் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிப் போன பிறகு, ஒருநாள் காலை ஓட்டல்காரர் தலைக்குப் பாதிச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் சாயம் தீர்ந்து, கலக்குவதற்குத் திரும்பியவள் ஜன்னலோர நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தாள். கைத்தடியும் இல்லை.

"இவர் எங்க?"

"எழுந்து போனாரே. கழிவறைக்குன்னு நினைச்சேன்" என்றார் ஓட்டல்காரர்.

அவள் தூரிகையைக் கையில் பிடித்தபடியே சாலைக்கு ஓடினாள். பாறைகளுக்கு மேல் புதிதாகப் போட்ட மரப்பாதை மணலில் இறங்கியது. அதன் கடைசியில் கைத்தடி பதிந்த குழிகளும், பக்கத்தில் ஒரு பாதம் அழுத்தமாகவும் இன்னொன்று இழுத்தும் பதிந்த தடமும் தண்ணீரை நோக்கிப் போயின. இவ்வளவு தூரம் தனியாகவா?

தடம் முடிகிற இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். ஆனால் புது மணலைக் கடல் கத்தி வைத்து வெட்டினாற்போல் செங்குத்தாக அறுத்து வைத்திருந்தது. இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மணல் சுவர். நல்ல கால் இருக்கிறவர்கள் குதித்துவிடுவார்கள். அவர் அந்த விளிம்பில் கைத்தடியை ஊன்றிக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கூப்பிட வாயெடுத்தபோது கடலிலிருந்து படகுச் சத்தம் கேட்டது. அண்ணனின் படகு நேராகக் கரைக்கு வந்து மணலில் மூக்கைக் குத்தி நின்றது. வெகுகாலத்துக்குப் பிறகு ஊருக்கு எதிரே ஒரு படகு கரையேறுகிறது.

"மாப்ளே, அங்கேயே நில்லுங்க. குதிக்கற வயசெல்லாம் போயிடுச்சு."

"குதிக்க வரல மச்சான். சும்மா பார்க்க வந்தேன்."

"பார்க்கறதுக்கு ஜன்னல் இருக்கே."

"ஜன்னல் அலுத்துப் போச்சு."

அண்ணன் படகிலிருந்து துடுப்பை எடுத்துவந்து மணல் சுவரைக் கொத்த ஆரம்பித்தார். கொத்தினார், சரிந்ததைக் காலால் மிதித்துச் சமப்படுத்தினார், மறுபடி கொத்தினார். நீண்ட முடி கண்ணில் விழ, தலையைச் சிலுப்பிச் சிலுப்பி வேலை செய்தார். மேட்டில் ஒரு சரிவு உருவானது. ஒருவர் சாய்ந்து சாய்ந்து இறங்கிவிடலாம்.

கத்திரியக்கா தூரத்திலேயே நின்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடிக்கத்தான் துடித்தது. ஆனால் அவர் தன்னிடம் சொல்லாமல் வந்தது எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. அதனால் நின்றாள்.

அவளைத் தாண்டி மூச்சு வாங்க ஓடியவர் ஓட்டல்காரர். கழுத்தில் கட்டிய துணி பறக்க, பாதித் தலை கறுப்பும் பாதித் தலை வெள்ளையுமாக, நெற்றியில் சாயம் ஒழுக ஓடினார். போய் மேலிருந்து வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார். கீழிருந்து அண்ணன் கையை நீட்டினார்.

"மெதுவா. என் மணல்ல விழுந்து வெச்சுடாதீங்க" என்றார் ஓட்டல்காரர்.

"உங்க மணலா? இது என் திட்டுங்க. உங்க வாசல்ல வந்து கிடக்கு, அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

வீட்டுக்காரர் நடுவில் தொங்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் பாகப்பிரிவினையை அப்புறம் வெச்சுக்கங்க. என்னை முதல்ல இறக்குங்க" என்றார்.

இறக்கினார்கள். அண்ணன் குனிந்து அவருடைய செருப்பையும் காலுறையையும் கழற்றினார். ஈர மணலில் அவர் நின்றார். ஓர் அலை வந்து கணுக்காலை மூடிவிட்டுப் போனது. அண்ணனின் தோளைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது.

அதன் பிறகுதான் அவள் சரிவில் இறங்கிப் போனாள். அண்ணன் அவளைப் பார்த்தார், கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார்.

"தெற்குப் பக்கத்தை நிஜமாவே தொடல பாப்பா. நானே கூட நின்னு பார்த்தேன்" என்றார். "மாப்ளைக்கு இறங்கணும்னு இருக்கறதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படகுல வெச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"நீங்க திட்டைப் பத்தின கவலையில இருந்தீங்கண்ணா."

"அதுக்கு?"

கண்ணைத் துடைக்கப் போனவள் கையில் சாயம் இருந்ததால் முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "கடைக்கு வாங்கண்ணா. காட்டு ஆள் மாதிரி இருக்கீங்க."

"கூட்டமா இருக்குமே."

"இவர் ஒருத்தர்தான். இவர் தலையும் பாதியில நிக்குது" என்று ஓட்டல்காரரைக் காட்டினாள்.

"நான் காத்திருக்கேன். அவருக்கு முதல்ல வெட்டுங்க" என்றார் ஓட்டல்காரர். பாதித் தலையோடு மதியம்வரை உட்கார்ந்திருந்தார். சாயம் இரண்டு நிறமாகத்தான் பிடித்தது. அந்த மாதம் முழுக்க அவர் தொப்பி போட்டுக்கொண்டு திரிய வேண்டியிருந்தது.

புயல் பருவத்தில் மருந்துக்கடைக்காரர் சொன்னது பாதி பலித்தது. கடல் புது மணலில் ஒரு பெரிய வாய் அள்ளிக்கொண்டு போயிற்று. மீதி நின்றது. இன்னும் சில வருடங்களில் மறுபடி கொட்ட வேண்டியிருக்கும் என்றார்கள். கொட்டலாமா கூடாதா என்று கடையில் இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. தெற்குத் திட்டில் நண்டு முன்போல் விழுவதில்லை. அண்ணன் அதை மறைக்கவும் இல்லை, அதற்காக யாரையும் வையவும் இல்லை. கூண்டுகளைக் குறைத்துக்கொண்டு, கோடையில் வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக்காட்டினார்.

காலையில் படகைக் கரையேற்றியதும் கடைக்கு வந்து, "மாப்ளே, கிளம்பலாமா?" என்பார். இருவரும் மரப்பாதையில் மெல்ல இறங்குவார்கள். கடையில் ஆள் இல்லாவிட்டால் அவளும் கதவைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போவாள்.

அப்படி ஒருநாள் மூன்று பேரும் கணுக்கால் தண்ணீரில் நின்றார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை. அலை திரும்பும்போது காலடியில் இருந்த மணலைப் பறித்துக்கொண்டு போனது. வீட்டுக்காரர் குனிந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ அரிச்சுக்கிட்டுப் போகுது" என்றார்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "இடது காலுல தெரியுதா?"

"இல்ல. அதுக்குத் தெரியல" என்றார். "வலது கால் சொல்லுது. இடது கால் நம்பிக்குது."

அண்ணன் சிரித்தார். அவள் வீட்டுக்காரரின் இடப்பக்கமாக நகர்ந்து வந்து அவர் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அடுத்த அலைக்குக் காத்து நின்றார்கள்.